அண்ணனின் வயிறு வீங்கியது கல்லீரலால் அல்ல

ஒரு லாரி டிரைவர் வயிறு உப்பி, கால் வீங்கி, கண்ணில் லேசாக மஞ்சள் தட்டி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு குடிப்பீங்க?" என் அண்ணனிடம் இதைக் கேட்காத டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, ஸ்கேன் எடுப்பவர் இல்லை. "குடிக்கிறதில்லைங்க" என்று அவர் சொல்வார். எதிரில் இருப்பவர் லேசாகச் சிரித்துவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்புவார். நானும் அதையே சொல்வேன். அண்ணி ஒருமுறை பொறுக்கமாட்டாமல், "இருவது வருசமா குடும்பம் நடத்துறேனுங்க, எனக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டே விட்டார். அப்படியும் சீட்டில் 'குடிப்பழக்கம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

அண்ணனுக்கு இருந்தது கல்லீரல் நோயே இல்லை. இதயத்தைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. சாதாரணமாக 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அண்ணனுக்கு அது பல மடங்கு தடித்து, சுண்ணாம்பு படிந்து, இதயத்தை விரியவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. கன்ஸ்ட்ரிக்டிவ் பெரிகார்டைட்டிஸ் என்பார்கள். அந்த உறையை வெட்டி எடுக்கும் ஆபரேஷனுக்குப் பெரிகார்டியெக்டமி என்று பெயர். இந்த இரண்டு பெயரும் எங்கள் காதில் விழுவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. நான் டாக்டர் இல்லை. நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். இருந்தாலும் அண்ணன் கூடவே ஆஸ்பத்திரிகளில் கிடந்ததில் தெரிந்துகொண்டது நிறைய. வேறு யாருக்காவது அந்த ஒரு வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொடக்கம் காலில்தான். நாக்பூர் லைனில் போய்வரும்போது சாயங்காலம் ஆனால் செருப்பு இறுகுகிறது என்றார். உட்கார்ந்தே ஓட்டுவதால் இருக்கும் என்று எல்லா டிரைவர்களும் சொன்னார்கள். அப்புறம் வயிறு. கை, முகம், தோள் எல்லாம் வற்றிக்கொண்டே போக, வயிறு மட்டும் பெருத்தது. தார்ப்பாய் கட்ட மேலே ஏறினால் மூச்சு வாங்கியது. ஆனால் படுத்தால் தூங்கிவிடுவார். படுத்தால் மூச்சு முட்டுவதுதான் இதய நோய்க்கு அடையாளம் என்று கேள்விப்பட்டிருந்ததால், இதயத்தைப் பற்றி நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை. கால் வீக்கத்தைவிட வயிற்று நீர் அதிகமாக இருப்பது இந்த நோயில் அடிக்கடி பார்க்கக்கூடியது என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார்.

முதலில் பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, கல்லீரல் பெரிதாக இருக்கிறது, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய் என்று முடிவாயிற்று. நீர் போக மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, வயிறு தாங்கமுடியாமல் போகும்போது ஊசி போட்டு நீர் எடுப்பது என்று மாதங்கள் போயின. ஊரில் ஆளாளுக்குக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தார்கள். லாரி ஓனர் வேறு டிரைவரைப் போட்டுக்கொண்டார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால், அண்ணன் கை கழுவப் போகும் இடைவெளியில், "நிறுத்திட்டாரா இல்லையா?" என்று என்னிடம் கிசுகிசுப்பார்கள். கடைசியில் அண்ணன் விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். நோயைவிட இதுதான் அவரை அதிகம் தின்றது என்று நினைக்கிறேன்.

அந்த வருஷத்துக் காகிதங்களை இப்போது எடுத்துப் பார்த்தால், இது கல்லீரல் இல்லை என்று சொல்லும் தடயங்கள் எங்கள் ஃபைலிலேயே இருந்தது தெரிகிறது. மஞ்சள்காமாலை பி, சி வைரஸ் இரண்டும் இல்லை. எண்டோஸ்கோப்பியில், சிரோசிஸ் முற்றியவர்களுக்கு உணவுக்குழாயில் புடைத்திருக்கும் ரத்தக்குழாய்கள் எதுவும் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வயிற்றிலிருந்து எடுத்த நீரின் ரிப்போர்ட். சிரோசிஸில் அந்த நீரில் புரதம் பொதுவாக 100 மில்லிக்கு 2.5 கிராமுக்குக் கீழேதான் இருக்கும். இதயத்தால் நீர் கோத்தால் அதற்கு மேலே போகும். அண்ணனுடையது மேலேதான் இருந்தது. வயிற்று நீர் எடுத்தால் அதைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும், "புரதம் எவ்வளவு இருக்குங்க? அது கல்லீரலோட பொருந்துதுங்களா?" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் அடிக்கப்போவதில்லை.

இன்னொரு காகிதம் எங்களைத் தவறான நிம்மதியில் உட்கார வைத்தது. அது ஒரு எக்கோ ரிப்போர்ட், இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். "பம்பிங் 60 சதவீதம், இதயம் நார்மல்" என்று இருந்தது. அப்பாடா, இதயத்தில் ஒன்றுமில்லை என்று நினைத்தோம். பம்பிங் சதவீதம் சொல்வது, இதயம் தனக்குள் வந்த ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதை. இந்த நோயில் தள்ளுவதில் பெரும்பாலும் பிரச்சினை இருப்பதில்லை. விரிந்து ரத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்வதில்தான் பிரச்சினை. உள்ளே வரமுடியாத ரத்தம் பின்னால் தேங்கி, கல்லீரலை வீங்கவைத்து, வயிற்றிலும் காலிலும் நீராகக் கசிகிறது. ஆக, பம்பிங் நார்மல் என்ற ஒரு வரியை வைத்து இதயத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடக்கூடாது. எக்கோ பார்ப்பவரிடம், உறை இறுகியிருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் அவர் மூச்சை இழுத்துவிடச் சொல்லி, அதற்கான அளவுகளை எடுப்பார்.

கண்டுபிடித்தவர் ஒரு இளம் டாக்டர். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் வயிற்றுப் பிரிவில் சேர்த்திருந்தோம். ராத்திரி டியூட்டியில் வந்தவர், படுக்கையின் தலைமாட்டைத் தூக்கி அண்ணனைச் சாய்ந்தாற்போல் உட்காரவைத்து, டார்ச் அடித்துக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து ரத்தக்குழாய் காது மடல்வரை புடைத்திருந்தது. "மூச்சை நல்லா உள்ள இழுங்கண்ணா" என்றார். மூச்சை இழுத்தால் அந்தப் புடைப்பு இறங்கவேண்டும். அண்ணனுக்கு இன்னும் ஏறியது. சிரோசிஸில் கழுத்துக் குழாய் இப்படிப் புடைத்து நிற்காது என்று பிறகு விளக்கினார். அப்போது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "முன்னாடி டி.பி. வந்திருக்கா?"

வந்திருந்தது. சில வருஷங்களுக்கு முன் நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்து, டி.பி. என்று சொல்லி, 6 மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அண்ணன் ஒரு வேளைகூட விடாமல் முழுசாக முடித்தார். லாரி ஓட்டப் போகும்போதும் டப்பாவில் எடுத்துப்போவார். முழுசாக முடித்ததால்தான் நாங்கள் அதை எங்கேயும் சொல்லவில்லை, முடிந்துபோன கதை என்று. ஆனால் இந்தியாவில் இதய உறை இப்படி இறுகிப்போவதற்கு முதன்மையான காரணம் டி.பி.தான். மேலை நாடுகளில் வைரஸ் காய்ச்சல், முன்பு செய்த இதய ஆபரேஷன், நெஞ்சில் கொடுத்த ரேடியேஷன் சிகிச்சை போன்றவை முன்னால் நிற்கின்றன. கிருமி செத்த பிறகும், அது விட்டுப்போன புண் ஆறும்போது தழும்பாகித் தடித்து, வருஷக்கணக்கில் சுண்ணாம்பு படிந்துகொண்டே போகலாம். டி.பி. வந்து குணமானவர்களுக்கு என்றைக்காவது காரணமில்லாமல் கால், வயிறு வீங்கினால், பழைய கதையை முதல் வரியாகச் சொல்லவேண்டும்.

அதற்குப் பிறகு சோதனைகள் வேகமாக நடந்தன. பக்கவாட்டில் எடுத்த சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயிலேயே இதயத்தின் ஓரமாக வெள்ளைக் கோடு தெரிந்தது. அதுவரை நேராக மட்டும்தான் எடுத்திருந்தார்கள். சி.டி. ஸ்கேனில் உறையின் தடிமனும் சுண்ணாம்பும் தெளிவாகத் தெரிந்தன. தொடை வழியாகக் குழாய் விட்டு அழுத்தம் பார்த்தபோது, இதயம் விரியும் நேரத்தில் இரண்டு பக்கத்து அறைகளிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அது உறைதான் பிடித்திருக்கிறது என்பதற்கு முக்கியமான ஆதாரம் என்றார்கள். ஒரு விஷயம். ஸ்கேனில் தடிமன் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உறை தடிக்காமலே இறுகியிருக்குமாம்.

எதிர்க் கட்டிலில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். அவளுக்கும் இதே நோய்ப் பெயர்தான் சொன்னார்கள். ஆனால் ஆபரேஷன் இல்லை. அவளுக்கு டி.பி. அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். உறையில் இன்னும் வீக்கம் இருந்தது, தழும்பும் சுண்ணாம்பும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்து அதை உறுதி செய்தார்கள். டி.பி. மாத்திரையும், வீக்கம் வற்றும் மருந்தும் கொடுத்து இரண்டு மூன்று மாதம் பார்ப்போம், பல பேருக்கு அதிலேயே இறுக்கம் விட்டுவிடும் என்றார் டாக்டர். அவளுக்கு அப்படியே விட்டுவிட்டது. ஸ்டீராய்டு கொடுப்பதைப் பற்றி அவளுடைய அப்பா பயந்து கேட்டபோது டாக்டர் ஒரு ஆய்வைச் சொன்னார். ஆப்பிரிக்க நாடுகளில் 1,400 பேரிடம் நடந்து 2014-இல் வெளியானது. ஸ்டீராய்டு சாவைக் குறைக்கவில்லை, ஆனால் உறை இறுகிப்போவதைக் குறைத்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதில் வேறு ஆபத்து இருந்ததால், அந்தச் சோதனையை முதலில் செய்துவிட்டுத்தான் கொடுப்போம் என்றார். டி.பி. சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறது. அதற்கும் பதிவு செய்யவைத்தார்கள். பலருக்கு இது தெரிவதே இல்லை.

அண்ணனுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. சுண்ணாம்பு ஏறிய உறை எந்த மாத்திரைக்கும் இளகாது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி. இதயத்துக்குப் பக்கத்தில் கத்தி வைப்பதென்றால் ஏதோ நேற்று வந்த தொழில்நுட்பம் என்று நினைத்தேன். தேடிப்பார்த்தால் 1896-லேயே ப்ராக் நகரத்தில் ஃப்ரீடெல் பிக் என்ற டாக்டர், கல்லீரல் சுருங்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்த நோயாளிகளுக்கு உண்மையில் இதய உறைதான் கெட்டிருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். 1898-இல் எட்மண்ட் டெலோர்ம் என்ற பிரெஞ்சு ராணுவ சர்ஜன், அந்த உறையை உரித்தெடுக்கலாமே என்று யோசனை சொன்னார். 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளிலேயே ஜெர்மன் சர்ஜன்கள் செய்துகாட்டிவிட்டார்கள். இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதல் வெற்றிகரமான ஆபரேஷன் நடந்ததே 1953-இல்தான். அதற்கெல்லாம் முன்பே இது வந்துவிட்டது. 1896-இல் எழுதிவைத்த குழப்பத்தில் நாமக்கல்லில் நாங்கள் ஒரு வருஷம் மாட்டிக்கொண்டோம் என்பதை நினைத்தால் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

சர்ஜன் எங்களை உட்காரவைத்துப் பேசியது எனக்குப் பிடித்தது. ஒளிக்கவில்லை. நூறு பேருக்குச் செய்தால் ஐந்திலிருந்து பத்துப் பேர்வரை இழக்க நேரிடலாம், முற்றவிட்டு வந்தவர்களுக்கு அது கூடும் என்றார். அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார். நான் கேட்ட கேள்விகளை இங்கே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவலாம். எவ்வளவு உறையை எடுப்பீர்கள்? முன்பக்கம் மட்டும் எடுத்தால் சிலருக்கு மறுபடி இறுக்கம் வரலாம். முன்பக்கத்தோடு, இதயம் உதரவிதானத்தில் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசை) உட்கார்ந்திருக்கும் அடிப்பக்கத்தையும் எடுப்பதுதான் தன் வழக்கம், முடிந்தால் பின்பக்கமும் என்றார். இந்த ஆபரேஷனை இதற்கு முன் செய்திருக்கிறீர்களா? கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பைபாஸ் தினமும் செய்கிற இடத்தில்கூட இது எப்போதாவதுதான் வரும், அதனால் அனுபவம் இருக்கிற இடமாகத் தேடிப்போவது நியாயம்தான் என்றார்.

மூச்சு நரம்பு பற்றியும் விளக்கினார். உதரவிதானத்தை இயக்கும் நரம்புகள் இரண்டும் இந்த உறையை ஒட்டியே இரண்டு பக்கமும் இறங்குகின்றன. அவை அடிபட்டால் ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுக்குத் திணற வேண்டிவரும். அதனால் நரம்பை ஒட்டி ஒரு பட்டை உறையை அப்படியே விட்டுவிடுவார்கள். சுண்ணாம்பு தசைக்குள்ளேயே இறங்கிப்போன இடங்களில் பிடித்து இழுத்தால் இதயம் கிழியும், அங்கே சிறு திட்டுகளாக விட்டுவிட்டுச் சுற்றிலும் எடுப்போம் என்றார். இடது பக்கத்தை முதலில் விடுவிக்க வேண்டும். வலது பக்கத்தை முதலில் விட்டால் ரத்தம் நுரையீரலுக்குப் பாயும், இடது பக்கம் அதை வாங்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துவிடும். இதய-நுரையீரல் இயந்திரம் பக்கத்தில் தயாராக நிற்கும், தேவைப்பட்டால்தான் இணைப்பார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட வருமானச் சான்றும் ரேஷன் கார்டும், ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்துகொடுப்பார்கள். அண்ணனின் ஆபரேஷனுக்கு அதில் ஒப்புதல் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு கார்டுக்கு அலைவது பெரிய வேதனை. நோய் வரும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் தயார்படுத்துவதற்கே சில வாரம் ஆனது. வயிற்று நீரை எடுத்து, ஊசிவழியாக நீர் இறக்கும் மருந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் மிகக் குறைவாக இருந்தது. குடலும் நீர் கோத்து வீங்கியிருப்பதால், ரத்தத்தில் இருக்கும் புரதம் அதன்வழியே கசிந்து போய்விடுமாம். தினமும் முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொன்னார்கள். நாமக்கல்காரனுக்கு முட்டை சாப்பிடச் சொல்லிச் சீட்டு எழுதிய முதல் டாக்டர் நீங்கதான் என்று அண்ணன் டயட்டீஷியனிடம் சொல்லிச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். பல் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார், சொத்தை இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டுமாம். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சு இழுத்துப் பழகச் சொன்னார்கள். இதை விளையாட்டாக நினைக்காதீர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் சுருங்காமல் காப்பாற்றியதே அதுதான். ரத்தம் கொடுக்க அண்ணனோடு லைனில் ஓடிய டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றார்கள்.

ஆபரேஷன் நடந்த நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் உள்ளே போனார், இருட்டும் நேரத்துக்கு சர்ஜன் வந்து, உறை வந்துவிட்டது, இயந்திரம் தேவைப்படவில்லை, ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போனது என்றார். எடுத்த துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பழைய தழும்பும் சுண்ணாம்பும் மட்டுமே இருந்தன, உயிரோடு டி.பி. கிருமி இல்லை. அதனால் மறுபடி டி.பி. மாத்திரை தேவைப்படவில்லை. சிலருக்கு இந்தத் துண்டில் கிருமி தெரிந்து சிகிச்சை புதிதாகத் தொடங்கும், எனவே ரிப்போர்ட் வரும்வரை விடாமல் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

நான் அதிகம் சொல்ல நினைப்பது அதற்குப் பிறகான மாதங்களை. உறையை எடுத்தாயிற்று, இனி இதயம் நன்றாக ஓடும் என்றுதான் நினைத்திருந்தோம். ஐ.சி.யு.வில் போய்ப் பார்த்தால், இதயத்தை உந்துவதற்கு இரண்டு மூன்று மருந்துகள் பம்பு வழியாக ஏறிக்கொண்டிருந்தன. பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து கேட்டேன். சர்ஜன் அப்போது சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது: "மாவுக்கட்டு போட்ட காலை நெனச்சுப் பாருங்க. கட்டைப் பிரிச்ச அன்னிக்கே ஓட முடியுமா? உள்ள தசை சூம்பிப் போயிருக்கும். இவரு இதயம் வருஷக்கணக்கா கட்டுல இருந்திருக்கு." தசை திரும்பி வலுப்பெற வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், சிலருக்கு முழுசாக வராமலும் போகலாம் என்றார். இதை முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தால் ஐ.சி.யு. வாசலில் அண்ணி பாதி அழுகையை மிச்சப்படுத்தியிருப்பார். ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லும் முன், "ஐ.சி.யு.ல எப்படி இருப்பாரு, என்னென்ன ஏறிட்டு இருக்கும்?" என்று கேட்டுவிடுங்கள்.

ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு வந்ததும் சிறுநீர் கொட்டத் தொடங்கியது. கால் மெலிந்து எலும்பு தெரிந்தது. மாதக்கணக்கில் வீக்கத்துக்குள் ஒளிந்திருந்த மனிதர் எவ்வளவு இளைத்துப் போயிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு எடை மெஷின்தான் எல்லாம். காலையில் எழுந்து பாத்ரூம் போய்வந்து, சாப்பிடும் முன், ஒரே மாதிரி லுங்கியோடு ஏறி நிற்பார். அண்ணி காலண்டரில் எழுதுவார். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, மூன்று நாளில் 2 கிலோவோ ஏறினால் அது சதை இல்லை, நீர், உடனே போன் செய்யுங்கள் என்று வார்டு நர்ஸ் சொல்லியிருந்தார். இரண்டாவது மாதத்தில் அப்படி ஏறத்தான் செய்தது. வயிறு மறுபடி லேசாக உப்பியது. அண்ணன் சோர்ந்துவிட்டார், "எல்லாம் வீண்டா தம்பி" என்றார். ஓடிப்போய் எக்கோ எடுத்தோம். இதயத்தைச் சுற்றி நீர் இல்லை, உறை திரும்பி இறுகவும் இல்லை, தசைதான் இன்னும் தேறவில்லை. நீர் இறக்கும் மாத்திரையைக் கூட்டியதும் சரியாயிற்று. இந்த மாதிரி ஏற்ற இறக்கம் முதல் சில மாதங்களில் வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். அதற்காகக் கவனிக்காமல் விட்டுவிடவும் கூடாது, இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்தாலும் இப்படித்தான் தொடங்கும்.

உப்பைக் குறைப்பது என்றால் சாப்பாட்டில் போடும் உப்பை மட்டும் நினைக்கிறோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பேக்கரி பன், பாக்கெட் முறுக்கு என எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிறது. அண்ணி அரிசியும் பருப்புமாகச் சாதம் செய்து, உப்புக்குப் பதில் சீரகம், பூண்டு, எலுமிச்சை என்று சமாளித்தார். தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி, வேறு எது குடித்தாலும் அந்த அளவை அதிலிருந்து கொட்டிவிடுவோம். அளவு ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதிவாங்குங்கள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இளநீர் வாங்கிவருவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். அண்ணன் சாப்பிட்டுவந்த ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் இறக்கும் மாத்திரையும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். கடையில் விற்கும் 'உப்புக்கு மாற்று' பாக்கெட்டுகளிலும் இதே பொட்டாசியம்தான். அதேபோல நெஞ்சுத் தையல் வலிக்கிறதே என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அது நீரைத் தேக்கும், கிட்னியையும் கெடுக்கும். டாக்டர் பாராசிட்டமால் மட்டும்தான் அனுமதித்தார்.

நடுநெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பதால் எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கனம் தூக்கக்கூடாது. கட்டிலிலிருந்து கையை ஊன்றி எழக்கூடாது, பக்கவாட்டில் திரும்பிக் காலைக் கீழே போட்டு எழவேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். இதில் எதுவும் அண்ணனுக்குச் சிரமமாக இல்லை. ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றதுதான் சிரமம். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, எதிரே வரும் ஒவ்வொரு லாரியையும் இவன் கியர் மாத்துறது சரியில்லை, அவன் லோடு ஒரு பக்கம் சாயுது என்று சொல்லிக்கொண்டே வருவார்.

குடிகாரன் என்ற பட்டத்துக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சி.டி. படத்தையும் பக்கவாட்டு எக்ஸ்ரேயையும் வீட்டில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறார். யார் பார்க்க வந்தாலும் காபி வருவதற்குள் படம் வந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இங்க பாருங்க, இந்த வெள்ளைக் கோடு. டி.பி. விட்டுட்டுப் போன சுண்ணாம்பு. கல்லீரல் எல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பார். விசேஷ வீட்டில் அன்று என்னிடம் கிசுகிசுத்த சித்தப்பாவுக்கு இரண்டு தடவை காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு கல்லீரல் சோதனைகள் மெல்ல மெல்ல நார்மலுக்கு வந்தன, அல்புமினும் ஏறியது. தேக்கம் ரொம்ப வருஷம் நீடித்திருந்தால் கல்லீரல் நிஜமாகவே கெட்டிருக்கும், அப்புறம் எந்த டாக்டராலும் எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள்.

இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. வடக்கு லைனுக்குப் போவதை டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தார்ப்பாய் இழுப்பது, ராத்திரி முழுக்க விழிப்பு, வழியில் தாபா சாப்பாட்டு உப்பு மூன்றும் அவருக்கு ஆகாது. பழைய ஓனரே கூப்பிட்டு புக்கிங் ஆபீசில் உட்காரவைத்திருக்கிறார், எந்த வண்டி எந்த லோடுக்குப் போகும் என்று பார்க்கும் வேலை. சம்பளம் முன்பைவிடக் குறைவு. நீர் இறக்கும் ஃப்யூரோசமைட் பாதி மாத்திரை இன்னும் ஓடுகிறது, அதையும் நிறுத்திப் பார்க்கலாமா என்பதை அடுத்த எக்கோவில் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எக்கோவுக்குத் தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு முன்பா பின்பா என்று அண்ணனுக்கும் அண்ணிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.